குருவக்கா மெஷினுக்குப் போகாத பதினோரு நாள்

1

போன செவ்வாய்க்கிழமை மிஸ்டர் பார்க்கர் வரவில்லை.

அவருக்கு எழுபத்தோரு வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஆறு வருடமாகிறது. இங்கிலாந்தின் வடக்கே நான் நர்ஸாக இருக்கும் இந்தச் சிறு நகரத்து டயாலிசிஸ் யூனிட்டுக்கு வாரம் மூன்று நாள் வருவார். காலை ஏழு மணிக்கு ஏழாம் நம்பர் நாற்காலியில் உட்காருவார். அவர் கையில் நான் இரண்டு ஊசிகளைச் செருகி மெஷினோடு இணைப்பேன். நான்கு மணி நேரம் அவருடைய ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, உள்ளே திரும்பும். அதுவரை அவர் டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், எங்கள் எல்லோரையும் திட்டுவார். என் பெயர் முத்துமாரி. அவருக்கு நான் மேரி. யூனிட் முழுவதற்குமே மேரிதான். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவரைக் கூட்டிவரப் போன டாக்ஸி டிரைவர் போன் செய்தார். மணி அடித்தும் கதவு திறக்கவில்லையாம். எங்கள் பொறுப்பு சிஸ்டர் கேரல் உடனே அவர் வீட்டு நம்பருக்கு அடித்தாள். பிறகு வேறு ஊரில் இருக்கும் அவர் மகளுக்கு. பிறகு அவருடைய குடும்ப டாக்டருக்கு. அரை மணி நேரம் போனதும் போலீஸுக்கு. இரண்டு போலீஸ்காரர்கள் போய்ப் பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தால், மனுஷன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. சலித்துப்போய்விட்டதாம். இன்றைக்கு ஒரு நாள் வர இஷ்டமில்லையாம். போலீஸ்காரர்களே டீ போட்டுக் கொடுத்துப் பேசி டாக்ஸியில் ஏற்றிவிட்டார்கள். பத்து மணிக்கு ஏழாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன மேரி, நான் இல்லாமல் உனக்குப் பொழுது போகலையோ?" என்றார்.

நான் சிரித்தேன். ஊசி செருகினேன். பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் அக்கா குருவம்மாள் இறந்து இந்த அக்டோபரோடு மூன்று வருடம். அவளும் டயாலிசிஸ் நோயாளிதான். விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டியில் இருந்தாள். கடைசியில் பதினோரு நாள் அவள் மெஷினுக்குப் போகவில்லை. ஒருவரும் போன் செய்யவில்லை. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இதே வேலை பார்க்கும் எனக்கே தெரியவில்லை.

2

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரிசலில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் வாழ்ந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருடம் ஊரில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் குருவக்காவும் போனார்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள், நான் தொடர்ந்தேன். அவள் நின்றதால்தான் நான் தொடர்ந்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்குச் சரம் பின்னும் வேலை. சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை நூலில் கோத்து நீளமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். எத்தனை பின்னுகிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. வெடி மருந்து இருக்கும் இடம் என்பதால் அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். கக்கூஸ் வளாகத்தின் அந்தக் கடைசியில். போய்விட்டு வருவதற்குள் பக்கத்திலிருப்பவள் அரைச் சரம் பின்னிவிடுவாள். அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. அந்த வெயிலில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, காலையிலிருந்து சாயங்காலம்வரை.

இடுப்பு வலிக்கும், கழுத்து வலிக்கும். வேன் நிற்கிற இடத்தில் ஒரு மருந்துக் கடை. "உடம்பு வலி" என்றால் போதும், சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று தாளில் மடித்துத் தருவார்கள். செட்டு மாத்திரை என்று பெயர். டீயோடு அதைப் போட்டுக்கொண்டு வேன் ஏறுவாள் அக்கா. தினமும். சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு செட்டு.

நான் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை சொன்னேன். "அக்கா, இம்புட்டு வலி மாத்திரை திங்காத. கிட்னி கெட்டுரும்."

"வலிச்சா பின்ன முடியலையே, மாரி. நீ படிச்சு வந்து வேற மாத்திரை குடு, திங்கேன்" என்றாள்.

நான் படித்து வந்தேன். வந்ததும் சவுதிக்குப் போனேன். அங்கிருந்து 2002-ல் இங்கே வந்தேன். அவளுக்கு நான் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை.

3

2005-ல் அவளுக்குக் கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தார்கள். பிறகு முகம் வீங்கியது. உள்ளூரில் ஊசி போடுகிறவர் ரத்தம் இல்லை என்று சத்து ஊசி போட்டார். சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா பார்த்ததுமே சந்தேகப்பட்டு, சிவகாசிக்குப் போய் ரத்தமும் யூரினும் டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். அது ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். லீவு போட்டால் வேனில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். சீசன் முடியட்டும் என்று சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

சீசன் முடிந்தது. மூச்சு விட முடியாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து மச்சான் போன் செய்தார். அக்காவின் வீட்டுக்காரர் சுப்புராஜ். அவரும் பட்டாசுத் தொழிலாளிதான், லோடு ஏற்றுகிறவர். "என்னமோ எழுதியிருக்காக மாரி, எனக்குப் படிக்கத் தெரியல. இந்தா, பிள்ளைட்ட குடுக்கேன்" என்று ரிசீவரை மகளிடம் கொடுத்தார். செல்விக்கு அப்போது பதினாலு வயது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சி, ஆர், ஈ, ஏ... சித்தி, அதுக்கு நேரா பதினொண்ணு புள்ளி நாலுன்னு போட்டிருக்கு. அது கூடவா, கொறைவா?"

நான் தினமும் பார்க்கிற எண்தான். கிரியேட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

"சித்தி? இருக்கீகளா?"

"இருக்கேன்டா. அப்பாகிட்ட குடு."

அக்காவின் கையில் அதற்கு முன்னால் பிரஷர் பட்டையைச் சுற்றியது செல்வி பிறந்தபோது மட்டும்தான். அதற்குப் பிறகு பதினாலு வருடம் அவளுடைய ரத்த அழுத்தம் என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே என் மகள் திவ்யாவுக்குக் காது வலி என்று போனால்கூட, கூடப் போன எனக்கும் சேர்த்துப் பிரஷர் பார்த்து அனுப்புகிறார்கள். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். இரண்டு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. வருடத்துக்கொரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும். மறந்தால் இன்னொரு கடிதம் வரும். எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா. ஒரே ரத்தம்.

4

பணம் நான் அனுப்பினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பணம் அனுப்பினால் சிகிச்சை நடந்துவிடும் என்று நம்பியதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2006 ஜனவரியில் மூன்று வார லீவில் போனேன். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். எங்களுக்குத் தெரிந்து மெஷின் இருந்தது மதுரையில்தான், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். விடிவதற்கு முன்னால் புதுப்பட்டியில் பஸ் பிடித்துச் சிவகாசி. அங்கிருந்து மதுரை பஸ். பிறகு டவுன் பஸ். போய்ச் சேர்ந்து முறைக்குக் காத்திருந்து, நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து, கால் பின்னிக்கொள்ள அதே மூன்று பஸ் ஏறித் திரும்பி வரவேண்டும். தனியாகப் போக முடியாது. மச்சான் கூடப் போவார். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது.

ஒரு நாள் நான் கூடப் போனேன். சிறுநீர் போவது அநேகமாக நின்றுவிட்டதால் அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், சோறு குழம்பில் இருப்பதையும் சேர்த்து. ஒரு பாட்டில் வைத்திருந்தாள். தாகம் எடுத்தால் அதன் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வாள். விருதுநகர் தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண் ஆரஞ்சு உரித்தாள். சுளை ஒன்றை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கி, மோந்து பார்த்து, என் கையில் வைத்தாள்.

"நீ தின்னு. நான் பாக்கேன்."

"அக்கா, எனக்கு வேண்டாம்."

"தின்னு மாரி. நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமக் கெடந்தவதான நான். அப்பல்லாம் தாகமே தெரியல. இப்பக் குடிக்கக் கூடாதுன்னு சொன்ன பெறகு எந்நேரமும் தண்ணி நெனப்புதான்."

அவள் இடது கையில் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து சேர்த்திருந்தார்கள். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே உறுமுவது தெரியும். ஒரு நாளைக்கு இருபது பேருடைய அந்த உறுமலை நான் தொட்டுப் பார்ப்பவள். அவளுடையதை வைத்த விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல உறுமல். நல்ல கை. இதே கை இங்கே எங்கள் யூனிட்டில் இருந்திருந்தால் இன்னும் இருபது வருடத்துக்கு ஓடும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் வாரம் மூன்று முறை. டாக்ஸி வந்து ஏற்றிப்போகும், கொண்டுவந்து விடும். மாதம் ஒரு முறை டயட் சொல்லும் பெண் வந்து உட்கார்ந்து பேசுவாள். மனசு சரியில்லை என்றால் அதற்கும் ஒரு ஆள். யாரும் எதற்கும் காசு எடுக்க மடியில் கைவிடுவதில்லை. இதையெல்லாம் அக்காவிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவளே கேட்டாள். "ஒங்க ஊர்ல எப்பிடி செய்வாக?"

"இதே மாதிரிதான்க்கா" என்றேன்.

5

இப்போது எழுதப் போவதை மூன்று வருடமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த லீவில் என் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். "உடன்பிறந்தவங்க, நல்ல பொருத்தம். எப்ப வச்சுக்கலாம்?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு சிஸ்டர். ஆபரேஷனோட முடியாது. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் மாத்திரை. ஒரு நாள் தவறக் கூடாது. கிராமத்துல இருந்து வர்றவங்க ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிடுவாங்க, அப்புறம் விட்டுட்டு வருவாங்க. ஒங்க கிட்னி வீணாப் போயிரக் கூடாது பாருங்க" என்றார். என் மாத்திரைபோலப் பெட்டியில் அடைத்து, மருந்துக் கடையில் தயாராக எடுத்துவைத்து, தீர்வதற்கு முன்னால் நினைவுபடுத்துகிற ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. புதுப்பட்டியில் அதை யார் நினைவுபடுத்துவது? என்னால் முடியும் என்றேன். போன் இருக்கிறதே என்றேன்.

திரும்பி வந்து ராஜனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். என் வேலை அனுமதியை வைத்துத்தான் அவருக்கும் திவ்யாவுக்கும் விசா. "செய்ய வேண்டியதுதான். ஆனா நிரந்தரம் கிடைக்க இன்னும் கொஞ்ச மாசந்தான் இருக்கு. அது வந்துரட்டுமே" என்றார்.

நாலு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். எனக்கு அந்த வருட இலையுதிர் காலத்தில் நாலு வருடம் முடியும். ஆபரேஷன் செய்துகொண்டால் மூன்று மாதமாவது வேலைக்குப் போக முடியாது. இடையில் மூன்று மாதம் விட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று கேரளத்துத் தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு இன்னொருத்தி சொல்லியிருந்தாள். உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எங்கேயாவது என் பெயரைக் குறித்துவைத்துக்கொள்வார்களோ என்று பயம். அக்காவுக்குப் போன் செய்து, தீபாவளி கழித்து வருகிறேன் என்றேன்.

"ஒன் உடம்பக் கீறணுமாக்கும்" என்றாள். "ஒனக்கும் பொட்டப் பிள்ள இருக்கு. அதெல்லாம் வேண்டாம் மாரி."

"நீ பேசாத இரு. நான் முடிவு பண்ணிட்டேன்."

"சரித்தா." ரகசியம் போலக் கேட்டாள். "அது வச்சா தண்ணி குடிக்கலாமா?"

"குடிக்கலாம்க்கா. எம்புட்டு வேணுன்னாலும்."

அவள் சிரித்த சத்தம் கேட்டது.

அந்த ஏப்ரலில் நாலு வருடம் என்றிருந்ததை ஐந்து வருடம் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்து. நான் அக்காவிடம் சொன்னேன், இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று. ஏன் என்று விளக்கினேன். அனுமதி, விசா, சட்டம் என்றெல்லாம். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

"அதுக்கென்னத்தா, நான் எங்க ஓடியா போகப் போறேன்" என்றாள்.

6

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வேன். அதற்குள் வீட்டில் ஒரு செல்போன் வந்திருந்தது. அந்த அக்டோபரில் மூன்று ஞாயிறு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் நினைவிருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனியா, போனேன். எடை எம்புட்டு இருந்துச்சு, எப்பவும் போலத்தான். மூச்சு வாங்குதா, இல்லத்தா. கடைசி ஞாயிறு அவள் வாக்கியங்களை நடுவில் விட்டுவிட்டுப் பேசினாள். அடுப்படியில் வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போனில் மூச்சைக் கேட்டே உடம்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள் மேரி, என்று இங்கே என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமை டியூட்டியில் இருந்தபோது ராஜன் யூனிட்டுக்கே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததைச் செல்விதான் சொன்னாள்.

சீசன் உச்சம். மச்சான் வாரம் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டிருந்தார். லோடு நிற்கிறது, இனி லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சரி, செல்வி கூடப் போகட்டும் என்றால் அவளுக்குத் தள்ளிப்போன பத்தாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை. ஏற்கெனவே அம்மாவோடு போய்ப் போய் வருகை குறைந்திருந்தது. அக்கா தனியாகப் போகிறேன் என்று கிளம்பினாள். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி விழுந்தாள். பூக்காரப் பெண் ஒருத்தி உட்காரவைத்து, முகம் துடைத்து, புதுப்பட்டி பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் போகவில்லை. பரீட்சை முடியட்டும் என்றாள்.

"நாந்தான் சித்தி கேட்டேன், சித்திகிட்டச் சொல்லிருவோமான்னு. வேண்டான்னுட்டாக. அவ அங்கன கெடந்து தவிப்பா, லீவு போட்டு வந்துருவா, வந்தா அவ வேலைக்கு எதோ ஆயிரும்னாக. நீங்க என்னமோ சட்டம் சொன்னீகளாம்ல."

"ஆஸ்பத்திரில இருந்து யாரும் போன் பண்ணலையா?"

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்ட கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. "ஆஸ்பத்திரில இருந்து எதுக்கு சித்தி நமக்குப் போன் பண்ணுவாக?"

பதினோராம் நாள் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாடகைக் கார் பிடித்தார்கள். திருமங்கலம் தாண்டும்போது அக்கா தண்ணீர் கேட்டாளாம். செல்வி மூடியில் ஊற்றினாளாம். "பாட்டிலோட குடு பிள்ள" என்று வாங்கி, முழுசையும் குடித்தாளாம். மச்சான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது உயிர் இல்லை.

7

இந்த ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் "யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள். அது கேள்வி இல்லை, வணக்கம் மாதிரி. வந்த புதிதில் எனக்குத் தெரியாது. நின்று பதில் சொல்வேன், முதுகு வலி, பிள்ளைக்குச் சளி என்று. கேட்டவர்கள் பாதி தூரம் போயிருப்பார்கள். அக்கா இறந்து திரும்பி வந்த வாரம் எல்லோரும் வழக்கம் போலக் கேட்டார்கள். எல்லோருக்கும் "ஆல்ரைட்" என்றேன்.

திவ்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மா என்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற குரல். "சாப்டீங்களா பெரிமா" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவாள். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை. இறந்த செய்தியைச் சொன்னபோது இங்கிலீஷில் கேட்டாள்.

"அவங்க ஊர்ல மெஷின் இல்லையா?"

"இருக்கு."

"டாக்டர்?"

"இருக்காங்க."

"அப்புறம் ஏம்மா?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மூன்று பஸ், சீசன், காலாண்டுப் பரீட்சை, மேஸ்திரி. சீசன் என்றால் வெயில் காலமா மழைக் காலமா என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்குச் சொல் இல்லை, எனக்குத் தெரிந்ததிலும் இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஹோம்வொர்க் இருக்கிறது என்று மாடிக்குப் போனாள்.

அடுத்த வருடம் நிரந்தரக் கடிதம் வந்தது. தடித்த உறை. ராஜன் கேசரி கிண்டினார். யூனிட்டில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். கேக் வெட்டிய பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் கேரல் என்னோடு தனியாக இருந்தாள். ஏதோ ஒரு வேகத்தில் அவளிடம் பாதியைச் சொன்னேன். சிறுநீரகம் பொருந்தியதை, இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்ததை.

கேரல் கோப்பையைக் கீழே வைத்தாள். "மேரி, நாம டயாலிசிஸ் யூனிட். உறுப்பு கொடுக்கிறவங்களுக்கு லீவு ஏற்பாடு பண்ண மாட்டோமா? வேலை உன்னோடதாவே இருந்திருக்கும். விசாவுக்கு நானே கடிதம் எழுதியிருப்பேன். நீ ஏன் என்கிட்ட கேக்கவே இல்ல?"

அவள் கடிதம் எழுதியிருந்தால் செல்லுபடி ஆகியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகியிருக்கலாம். அவளுடைய கேள்விக்குப் பதில் மட்டும் தெரியும். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சிவகாசிக்குப் போய் டெஸ்ட் எடு என்றால் அரை நாள் லீவு கொடு என்று அக்கா கேட்கவில்லை. இனி வர வேண்டாம் என்று சொன்ன மேஸ்திரியிடம் மச்சான் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். படிப்பு, பாஸ்போர்ட், இரண்டு கடல் தாண்டிய வேலை எல்லாம் இருந்தும் அந்த ஒன்று என்னைவிட்டுப் போகவில்லை. மிஸ்டர் பார்க்கருக்குச் சலிப்பு வந்தால் போர்வைக்குள் படுத்துக்கொள்ள முடிகிறது, நாடே வந்து எழுப்பும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

8

செல்வி பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். பன்னிரண்டிலும் வாங்கினாள். இந்த வருடம் நர்சிங்கில் சேர்த்துவிடலாம் என்று நான் மதுரையில் எல்லாம் விசாரித்துவைத்திருந்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் நாள் கடந்த பிறகு, லேபிள் அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று மச்சான் சொன்னார்.

போன ஞாயிறு அவளோடு பேசினேன். நிற்கிற வேலை, மை வாடை, ஆனால் பட்டாசு மாதிரி ஆபத்து இல்லை என்றாள். அடுத்த வருடமாவது நர்சிங்கில் சேரலாமே என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படித்தால் போதும் என்றேன். இங்கேகூட வந்துவிடலாம் என்றேன்.

"வேண்டாம் சித்தி."

"ஏன்டா? ஒனக்கு நல்லா வருமே. அம்மாவ நீதான பாத்துக்கிட்ட."

அவள் கோபமாகப் பேசவில்லை. யோசித்து, சொல்லைத் தேடித் தேடித்தான் சொன்னாள். "நீங்க அதே படிப்புதான சித்தி படிச்சிருக்கீக. அதே மெஷின்லதான இருக்கீக. ஒங்களால அம்மாவுக்கு என்ன செய்ய முடிஞ்சுது? நான் படிச்சு யாருக்குச் செய்யப் போறேன்?"

பக்கத்தில் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. மச்சானாக இருக்கும். திவ்யா மாடியில் பாட்டு வைத்திருந்தாள், அது கீழேவரை கேட்டது. செல்விதான் பாவம் பேச்சை மாற்றினாள்.

"சாப்பிட்டீகளா சித்தி?"

சாப்பிட்டேன் என்றேன்.